வேலூர்க் கோட்டையை முற்றுகையிட்டவர்கள் விட்டுச்சென்ற தடயம் இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கோட்டைக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். கிழக்கே தெரியும் மலைகளைப் பாருங்கள்.

1677-இல் சிவாஜியின் படை வேலூரை வளைத்தபோது கோட்டை பீஜப்பூர் தளபதி அப்துல்லா கான் கையில் இருந்தது. வழக்கமாக முற்றுகைப் படை பள்ளம் தோண்டி, அந்த மண்ணையே முன்னால் மேடாகக் குவித்து, அதன் மறைவில் மதிலை நெருங்கும். வேலூரில் அது எடுபடாது. அகழித் தண்ணீர் கருங்கல் மதிலின் காலடி வரை நிற்கும். பாலத்தில் நின்று பார்த்தாலே புரியும். சுரங்கம் தோண்டினால் தண்ணீர்தான் வரும். போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் அகழியில் முதலைகள் வேறு!

அதனால் மராத்தியர் உயரத்தை நம்பினார்கள். எதிர்மலைகளில் சாஜ்ரா, கோஜ்ரா என்று அரண்களை அமைத்துப் பீரங்கிகளை ஏற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் கோட்டையின் உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குக் கீழே கிடக்கும். அப்படியும் கோட்டை சட்டென்று விழவில்லை. சிவாஜி நடுவிலேயே ஊர் திரும்பிவிட்டார். அவருடைய ஆட்கள் ஓராண்டுக்கு மேல் விடாமல் வளைத்திருந்தார்கள். 1678-இல்தான் அப்துல்லா கான் பணிந்தார்.

மண்மேடு மழையில் கரையும், ஊர் வளர்ந்தால் வீட்டுக்கடியில் போய்விடும். மலைமேல் கல்லில் கட்டியதால்தான் இந்த அரண்கள் தப்பின. கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் அந்த மலைகளை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். முற்றுகையின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.