ஆப்பிள் சேர்த்த சினமன் ரோல் நடுவில் வேகாமல் சொதசொதவென்று ஆவது ஏன்? சரியாகச் செய்வது எப்படி?

சினமன் ரோல் என்பது பட்டைப் பொடியும் சர்க்கரையும் தூவிச் சுருட்டி வேகவைக்கும் பன். அதில் ஆப்பிள் சேர்க்கும்போது வழக்கமாக மூன்று குறைகள் வருகின்றன. நடுப்பகுதி வேகவில்லை, சாறு வழிந்து அடியில் கருகுகிறது, சுருளின் அடுக்குகளுக்கு நடுவே பொந்து விழுகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: ஆப்பிளில் இருக்கும் தண்ணீர்.

ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர்தான். பச்சையாக நறுக்கிச் சர்க்கரையோடு மாவின் மேல் தூவினால், உப்புப் போட்டுப் பிசறிய வெங்காயம் பக்கோடா மாவை இளக்குவது போல, அது நீர் விட்டு மாவை இளக்கிவிடும். ஓவனில் அந்த நீர் ஆவியாகி அடுக்குகளைத் தள்ளிப் பிரிக்கும். பொந்து அப்படித்தான் வருகிறது. ஆவியாகாமல் தங்கிய நீரை ஒட்டியிருக்கும் மாவு பசை போலவே நின்றுவிடும். இன்னும் பத்து நிமிடம் வைத்தாலும் மேல்பக்கம் காயுமே தவிர நடு தேறாது.

அதனால் ஆப்பிளை முதலில் வதக்குங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. எடுக்க வேண்டியது பச்சை நிற ஆப்பிள், அதாவது கிரானி ஸ்மித் வகை. புளிப்பும் உறுதியும் இருப்பதால் வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். சிவப்பு டெலிஷியஸ் வகை சூட்டில் மாவாகக் குழைந்துவிடும். ருசியிலும் வெறும் இனிப்புதான் மிஞ்சும். வேறு வழியில்லாமல் அதைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் எலுமிச்சைச் சாற்றை இரண்டு மடங்காக்கி, வதக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

பெரிய ஆப்பிள் இரண்டு, தோலோடு சுமார் 400 கிராம். தோல் சீவி, அரை செண்டிமீட்டர் சதுரமாக நறுக்குங்கள். இதைவிடப் பெரிய துண்டு சுருட்டும்போது மாவைக் கிழிக்கும். 15 கிராம் வெண்ணெய், 30 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, அகலமான வாணலியில் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள். வாணலியைச் சாய்த்தால் சாறு ஓடக் கூடாது. ஓடினால் துண்டுகளை அரித்தெடுத்துவிட்டு, சாற்றை மட்டும் தேன் பதத்துக்குச் சுண்டவிட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பூசும் ஐசிங்குக்குப் பாலுக்குப் பதில் அதை ஊற்றினால் ருசியே வேறு. ஆப்பிள் நன்றாக ஆறிய பிறகுதான் மாவின் மேல் போட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால்கூட உள்ளே பூசிய வெண்ணெயை உருக்கிவிடும்.

இனி மாவு. 9 ரோலுக்கு மைதா 400 கிராம், பால் 180 மில்லி, முட்டை 1, சர்க்கரை 50 கிராம், உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், மெத்தென்ற வெண்ணெய் 60 கிராம். முட்டை வேண்டாம் என்றால் பாலை 40 மில்லி கூட்டிக்கொண்டு, ஒரு டேபிள்ஸ்பூன் தயிர் சேர்க்கலாம். பால் கை பொறுக்கும் வெதுவெதுப்பில், 38 டிகிரி அளவில் இருந்தால் போதும். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். சென்னை வெயில் காலத்தில் சமையலறையே 33, 34 டிகிரி இருக்கும்போது பாலைச் சூடாக்கவே வேண்டாம், ஈஸ்ட்டும் 4 கிராம் போதும். இல்லையென்றால் மாவு அவசரமாகப் பொங்கிப் புளித்த வாடை வரும்.

வெண்ணெய் தவிர மற்றதையெல்லாம் சேர்த்து 6 நிமிடம் பிசைந்த பிறகே வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே கொழுப்பு சேர்ந்தால் மாவுக்கு ஜவ்வுத்தன்மை வர நெடுநேரம் ஆகும். வெண்ணெய் போட்டதும் மாவு கையெல்லாம் ஒட்டிப் பாழானது போலத் தெரியும். அந்த நேரத்தில் பலரும் மைதாவை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள்; ரோல் மறுநாள் கட்டையாவது அதனால்தான். தொடர்ந்து 6, 7 நிமிடம் பிசைந்தால் தானே திரண்டு வரும். சிறு துண்டை விரல்களால் மெல்ல இழுத்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரிய வேண்டும்.

மூடி வைத்து இரண்டு மடங்காக விடுங்கள். 28 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடிக்கும், வெயில் காலத்தில் 40 நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மளிகைக் கடையில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை: தடித்த, கரடான ஒற்றைச் சுருள், காரமான மணம். இலங்கைக் கறுவா தாள் போல மெல்லிய பல அடுக்குகள் கொண்டது, கையால் நொறுங்கும், மணமும் மென்மை. ஆப்பிளோடு காசியா எடுப்பாக நிற்கும், கறுவா தோழமையாக ஒத்துப்போகும். பாதிக்குப் பாதி கலப்பதுதான் என் தேர்வு. எதுவானாலும் பொடியைப் பிசையும் மாவில் நிறையச் சேர்க்காதீர்கள். பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டை மந்தமாக்கும். மாவுக்கே மணம் வேண்டுமென்றால் ஏலக்காய் இருக்கிறது. ஸ்வீடனில் 'கனேல்புல்லே' என்னும் பட்டை பன்னுக்கு மாவிலேயே ஏலக்காய் சேர்ப்பார்கள். (அங்கே 1999 முதல் அக்டோபர் 4 அந்தப் பன்னுக்கென்றே ஒரு நாள்.) கரகரப்பாக இடித்த ஏலப்பொடி ஒரு டீஸ்பூன் போதும், ஆப்பிளுக்கு அவ்வளவு பொருத்தம்.

மாவை 36 செண்டிமீட்டர் நீளம், 30 செண்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்து, 50 கிராம் மெத்தென்ற வெண்ணெயைப் பூசுங்கள். உருக்கிய வெண்ணெய் வேண்டாம், வழிந்து அடியில் சேரும். 80 கிராம் பிரவுன் சுகர், 10 கிராம் பட்டைப் பொடி, ஒரு டேபிள்ஸ்பூன் மைதா மூன்றையும் கலந்து தூவுங்கள். அந்த மைதா மிச்சச் சாற்றைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் ஆப்பிளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, கடைசி 2 செண்டிமீட்டர் ஓரத்தை வெறுமையாக விட்டு, நீளப் பக்கத்திலிருந்து சுருட்டுங்கள். ரொம்ப இறுக்கினால் வேகும்போது நடு கோபுரம் போல மேலே எழும்பும்.

வெட்டக் கத்தி வேண்டாம், அது சுருளை நசுக்கும். பூக்கட்டும் நூலை அடியில் கொடுத்து, மேலே குறுக்காக மாற்றி இழுத்தால் வட்டம் கெடாது. 4 செண்டிமீட்டருக்கு ஒன்றாக 9 துண்டு. 9 அங்குலச் சதுரத் தட்டில் விரலளவு இடம் விட்டு அடுக்கி, 35 முதல் 45 நிமிடம் வையுங்கள். விரலால் அழுத்திய பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் திரும்பி வந்தால் ஓவனுக்குத் தயார். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும்.

ஓடிஜியை (வீட்டில் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) 15 நிமிடம் முன்சூடு செய்து, 175 டிகிரியில், மேலும் கீழும் உள்ள இரண்டு சூட்டுக் கம்பியும் எரிய, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து 25 முதல் 28 நிமிடம். 18ஆவது நிமிடம் மேல் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று 200 டிகிரி வைத்தால் மேல் கருகும், நடு பச்சையாக இருக்கும். ஆப்பிள் ரோலுக்கு நிறத்தை நம்ப முடியாது. சமையல் வெப்பமானியை நடு ரோலின் மாவில் குத்தினால் 90 டிகிரி காட்ட வேண்டும்.

10 நிமிடம் ஆறவிட்டு, 100 கிராம் ஐசிங் சுகரில் சுண்டிய ஆப்பிள் சாறும் தேவைக்குப் பாலும் ஊற்றிக் குழைத்துப் பூசுங்கள்.

முதல் நாளே தயாரிக்க வேண்டுமென்றால் சுருட்டி வைத்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இரவு முழுவதும் சர்க்கரையோடு கிடக்கும் ஆப்பிள் மறுபடி நீர் விடும். பிசைந்த மாவை மூடி ஃபிரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள், வதக்கிய ஆப்பிளைத் தனி டப்பாவில் வையுங்கள். காலையில் குளிர்ந்த மாவு தேய்க்கவும் சுலபம். சுருட்டிய பிறகு பொங்க மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.