கலைக்கு எந்த மூலை?

கேள்வி: அல்சூரில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் பின்கட்டில் பல வருஷமாக இரண்டு ஓவியர்களும் ஒரு கொலு பொம்மைக்காரரும் வாடகைக்கு இருந்து தொழில் செய்கிறார்கள். வீடு இப்போது பில்டரிடம் போகிறது. அங்கே வரப்போகும் அடுக்குமாடியில் கலைக்கும் ஒரு மூலை ஒதுக்க வேண்டும் என்று அரசை எப்படி வலியுறுத்துவது? இவர்களை நம் தமிழ்ச் சமூகம் எப்படி ஆதரிப்பது?
(எஸ்.ஆர்., அல்சூர், பெங்களூரு)

பதில்: மூலை என்றீர்களே, எந்த மூலை?

பெங்களூரில் வாஸ்துப்படி நாலு மூலைக்கும் ஏற்கனவே ஆள் போட்டாயிற்று. ஈசான மூலையில் பூஜை அறை, அதே மூலையில் வெளியே தண்ணீர் சம்ப். கன்னி மூலை வீட்டு எஜமானரின் படுக்கை அறைக்கு. அங்கே கேன்வாஸ் ஸ்டாண்டை நிறுத்தினால் எஜமானர் எங்கே குறட்டை விடுவார்? அக்னி மூலை சமையலறைக்கும் ஜெனரேட்டருக்கும். உங்கள் வாடகைக்காரர்களில் ஒரு குயவர் இருந்திருந்தால் சூளை வைக்க இந்த மூலையைக் கேட்கலாம், இல்லையே. மீதி வாயு மூலை. வாயு மூலையில் வைத்த பொருள் வீட்டில் தங்காது, சீக்கிரம் கைமாறிவிடும் என்பது சாஸ்திரம். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை அந்த அறையில் படுக்கச் சொல்வது அதனால்தான். ஓவியத்துக்குப் பொருத்தமான இடம்தான், மளமளவென்று விற்றுவிடும் என்று நினைத்தேன். ஆனால் அனுபவத்தில் அங்கிருந்து கைமாறுவது ஓவியம் இல்லை, ஓவியர்.

இந்தப் பத்திரிகையில் முன்பு ஒருவர் வாஸ்து பகுதி எழுதிவந்தார். பெயர் வேண்டாம், இன்னமும் கடிதம் போட்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆசிரியரின் மேஜை தெற்கு பார்த்து இருப்பதால்தான் சந்தா குறைகிறது என்றார். நான் மேஜையைத் திருப்பவில்லை, அவர் பகுதியை நிறுத்தினேன். சந்தா முன்பு போலவே குறைந்துகொண்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அஞ்சல் தலையையாவது மிச்சப்படுத்துங்கள், ஐயா.

சரி, மூலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிளப் ஹவுஸில் ஜிம்முக்கும் சின்ன நீச்சல் குளத்துக்கும் நடுவே 'ஆர்ட் ரூம்' என்று போர்டு தொங்கும். முதல் வருஷம் குழந்தைகளுக்குக் கோடைக்கால வகுப்பு. இரண்டாம் வருஷம் டேபிள் டென்னிஸ் மேஜை உள்ளே வரும். மூன்றாம் வருஷம் அசோசியேஷன் செயலாளர் பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய சீரியல் விளக்கு, ஷாமியானா துணி, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் அங்கே அடுக்கிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வார். டர்பென்டைன் வாசனை மேல்மாடி வரை வருகிறது என்று முன்னரே ஒரு புகார் போயிருக்கும்.

உங்கள் பொம்மைக்காரருக்கு மூலை எதற்கு? அவருக்கு வேண்டியது மொட்டை மாடி வெயில். காகிதக்கூழ் பொம்மையை அச்சிலிருந்து எடுத்து, ஒட்டி, வெள்ளை பூசி, ஒவ்வொரு கட்டத்திலும் காயவைக்க வேண்டும். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில்தான் வேலை அதிகம், பெங்களூரில் மழையும் அப்போதுதான். ஒரு மணி நேரம் வெயில் அடித்தால் நாற்பது தசாவதாரத்தையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டும், தூறினால் திரும்ப ஓடிவர வேண்டும். புது அடுக்குமாடியின் மாடியில் சோலார் பலகையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும், பூட்டும் இருக்கும். ஓவியர்களுக்குத் தரைத்தளம் வேண்டும், ஏனென்றால் ஆறடி கேன்வாஸ் நம் லிஃப்டுக்குள் படுக்காது, நிற்காது. சாயம் சிந்தினால் யாரும் முகம் சுளிக்காத தரையும், ராத்திரி பதினோரு மணிக்குச் சுத்தியல் தட்டினால் வாட்ஸ்அப்பில் பஞ்சாயத்து வைக்காத அக்கம்பக்கமும் வேண்டும். உங்கள் தாத்தா தெரியாமலேயே இத்தனையையும் அந்தப் பின்கட்டில் கட்டிவைத்திருக்கிறார்.

அல்சூர்க்காரர் நீங்கள். கலைக்கு நிரந்தர இடம் ஒதுக்குவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஏரிக்கரையில் திருவள்ளுவருக்கு இடம் கொடுத்து, 1991-லிருந்து 18 வருஷம் துணியைச் சுற்றி நிறுத்திவைத்திருந்தோம். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கருணாநிதி வந்து திறந்துவைத்தார். அன்று மேடையில் யார் யார் இருந்தார்கள் என்று அல்சூரில் பலரும் வரிசையாகச் சொல்வார்கள். சிலையைச் செய்த சிற்பி யார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

பெயரைக் காப்பாற்றுவதில் நாம் கெட்டிக்காரர்கள். பென்சன் டவுன் பக்கத்தில் பாட்டரி டவுன், அதாவது குயவர் பேட்டை, இருக்கிறது. தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றும் இடம். மெட்ரோவின் பிங்க் பாதையில் அங்கே பூமிக்கடியில் ஒரு நிலையம், அதற்குப் பெயரும் பாட்டரி டவுன்தான். மண் தோண்டுவதில் மெட்ரோ குயவர்களை மிஞ்சிவிட்டது. ஆனால் குயவருக்கு வேண்டிய களிமண் ஏரி மண். சம்பங்கி ஏரியைக் கண்டீரவா ஸ்டேடியம் ஆக்கினோம், தர்மாம்புதி ஏரியைக் கெம்பேகவுடா பஸ் நிலையம் ஆக்கினோம். இனி பானை செய்ய யார் எங்கே மண் எடுப்பது? ஒலிபெருக்கியில் 'அடுத்த நிலையம் பாட்டரி டவுன்' என்று சொல்வார்கள், போதாதா?

அரசை வலியுறுத்தச் சொல்கிறீர்கள். எந்த அரசை? 2025-லிருந்து பெங்களூருக்கு ஒன்றல்ல, ஐந்து மாநகராட்சிகள். எந்த ஜன்னலில் மனு நீட்டுவது என்று கண்டுபிடிப்பதற்குள் உங்கள் கட்டடத்துக்குக் கிரகப்பிரவேசம் ஆகிவிடும். தவிர, அரசு கலையைக் கவனித்த லட்சணம் தெரியாதா? கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் வெங்கடப்பா கலைக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்குத் தத்துக் கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து 2016-ல் ஓவியர்கள் தூரிகையை வைத்துவிட்டுத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. 2003-லிருந்து சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தை நல்ல காரியம், குமாரகிருபா ரோடு முழுக்க ஓவியம். ஆனால் அது வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் ஓவியர் எங்கே உட்கார்ந்து வரைவார்?

நிலைத்த இடங்களைப் பாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் கூட்டாக நிலம் வாங்கி 1966-ல் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். இன்றும் இருக்கிறது. இங்கே சாந்தி நகரில் சுரேஷ் ஜெயராம் தன் வீட்டையே ஓவியர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும் பத்திரம் அவர்கள் கையில். 'காலி பண்ணு' என்று சொல்ல ஆள் இல்லை.

உங்கள் பின்கட்டுக்காரர்களிடம் இருப்பது என்ன? பதினோரு மாத வாடகை ஒப்பந்தம். பன்னிரண்டைத் தாண்டினால் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டி வரும் என்பதால் ஊரே பதினோரு மாதமாக வாழ்கிறது. அவர்கள் எத்தனை வருஷம் இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் நேற்று வந்தவர்கள்தான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். 'வீடு பில்டரிடம் போகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ மாடு கயிறு அறுத்துக்கொண்டு போவதைப் போல. வீடு தானாகப் போகாது, நீங்களும் பங்காளிகளும் கையெழுத்துப் போட்டால்தான் போகும். நிலத்தைக் கொடுத்துக் கட்டடத்தில் பங்கு வாங்கும் ஜாயின்ட் டெவலப்மென்ட் என்றால் உங்கள் பங்குக்குச் சில பிளாட்டுகள் வரும். கட்டி முடியும்வரை வெளியே தங்க உங்களுக்கு மாத வாடகையும் பேசியிருப்பீர்கள். அந்தப் பேச்சில் பின்கட்டுக்காரர்கள் பெயர் ஒரு தடவையாவது வந்ததா? உங்கள் பங்கில் தரைத்தளத்தில் ஓர் இடம் கேளுங்கள். ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஷட்டர் கதவு, தொட்டியோடு ஒரு குழாய், மாடிச் சாவி ஒன்று. அதை அந்த மூன்று பேருக்கும் ஒன்பது, பத்து வருஷத்துக்குக் குத்தகையாகப் பதிவு செய்துகொடுங்கள். வாடகை கொஞ்சம் குறையும். காபிக் கடைக்கு விட்டால் கூடத்தான் வரும், மறுக்கவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரசுக்கு மனு எழுதலாம் என்று தோன்றியிருக்கும்.

தமிழ்ச் சமூகம் எப்படி ஆதரிப்பது என்ற இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: காசு கொடுத்து வாங்கி. பேரம் பேசாமல்.

இடிப்பதற்குத் தேதி குறித்துவிட்டார்கள், இனி எதுவும் செய்ய முடியாது என்றால் ஒன்று மட்டும் கேட்கிறேன். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். இடிக்கப் போகிற சுவருக்குப் பெயின்ட் கூலி, அதுவும் ஓவியரிடம் பிடிக்காதீர்கள்.