கேள்வி – பதில்: ஸ்மார்ட் டிவி வாங்குவதற்கு முன்

கேள்வி: கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டோம், இனி ஓடிடி தளங்களில் மட்டுமே படம் பார்க்கப்போகிறோம். சோபாவிலிருந்து டிவி மாட்டும் சுவர் 9 அடி தள்ளி இருக்கிறது. 43 அங்குல 4கே டிவி போதும் என்பது என் எண்ணம். 55 அங்குலம்தான் வேண்டும் என்கிறான் மகன். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃபுல் எச்டி திரையில் 1920 x 1080 புள்ளிகள், 4கே திரையில் 3840 x 2160, அதாவது நான்கு மடங்கு. ஆனால் அந்தக் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தால்தானே பயன்? 43 அங்குலத் திரையை ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால், இயல்பான பார்வை உள்ளவருக்கும் இரண்டுக்கும் வேறுபாடு தெரிவது அரிது. 55 அங்குலத்தில் இந்த எல்லை சுமார் 7 அடி என்பதால், 9 அடியில் அதுவும் 4கேயின் முழுப் பலனைத் தராது. ஆயினும் படம் பெரிதாக இருக்கும், சப்டைட்டிலைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம்.

அளவை விடவும் முக்கியமான ஒன்றைப் பலர் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் இயங்கும் டிவிகளில் திருட்டுப் பதிவைத் தடுக்க 'வைட்வைன்' என்ற பாதுகாப்பு முறை இருக்கிறது. அதில் எல்1 என்ற உயர்நிலை இல்லாத டிவியில், 4கே திரையாகவே இருந்தாலும், முக்கியமான தளங்கள் சாதாரணத் தரத்தில்தான் படத்தை அனுப்பும். மலிவாகக் கிடைக்கும் சில டிவிகளில் படம் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே, நீங்கள் சந்தா கட்டும் தளங்களைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லி, 4கே படம் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். ரௌட்டருக்கு அருகில் டிவி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வசதி நன்கு உதவும்.

படத்தின் வெளிச்சமான, இருண்ட பகுதிகளைத் துல்லியமாகக் காட்டும் 'எச்டிஆர்' வசதி உண்டு என்ற ஒட்டுத்தாளைக் கண்டு மயங்க வேண்டாம். திரைக்குப் போதிய வெளிச்சம் இல்லையெனில் அது பெயரளவில்தான். எல்சிடி திரைகளில் ஐபிஎஸ், விஏ என இரு வகை உண்டு. பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவர்கள் இருந்தால் ஐபிஎஸ் திரை ஏற்றது; இருட்டறையில் நேரெதிரே அமர்ந்து பார்ப்பவர்களுக்கு, கறுப்பை ஆழமாகக் காட்டும் விஏ திரையே என் தேர்வு.

திரை பத்தாண்டு உழைக்கும், அதனுள் இருக்கும் மென்பொருள் அவ்வளவு காலம் தாங்காது. 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரைகளில் எந்தக் குறையும் இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால், எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை வாங்கிச் சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் மட்டமான திரைக்கு அப்படியொரு மாற்று கிடையாது. எனவே பணத்தைத் திரைக்கே செலவிடுங்கள்.

கேள்வி: புது டிவியில் சினிமாவெல்லாம் சீரியல் போலத் தெரிகிறதே, டிவியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சினிமா பொதுவாக நொடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படங்கள்) எடுக்கப்படுகிறது. டிவி இடையிடையே தானாகச் சட்டங்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழவழப்பாக்குகிறது. பட அமைப்புகளில் பெரும்பாலும் 'மோஷன்' என்ற சொல்லோடு இருக்கும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள். கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.