மறு: பக்கத்து வீட்டு ஸ்பானிஷ் தம்பதிக்கு எப்படி உதவுறது?
ஃப்ரெஸ்னோல பக்கத்து வீட்டு ஸ்பானிஷ் தம்பதிக்கு எதிர்பாராம கர்ப்பம், இன்சூரன்ஸ் இல்ல, இங்கிலீஷும் வரலன்னு எழுதிருந்தீங்க சிஸ்டர். கலிஃபோர்னியாங்கறதால வருமானம் கம்மின்னா மெடி-கால் (மாநில அரசோட மருத்துவ இன்சூரன்ஸ்) கிடைக்கும், இமிக்ரேஷன் பேப்பர் இல்லாட்டியும் கர்ப்பிணிக்கு உண்டு, பிரசவம் முடிஞ்சு 12 மாசம் வரைக்கும் பாத்துக்கும். பால், முட்டைக்கு விக்-ல (WIC, கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் சத்துணவு குடுக்கற அரசுத் திட்டம்) பதியச் சொல்லுங்க.

முக்கியமா அவங்க எட்டு வயசுப் பொண்ண மொழிபெயர்க்க விடாதீங்க ப்ளீஸ், நான் வாலன்டியரா இருந்த கிளினிக்ல அப்படி ஒரு குழந்தை அம்மா முகத்தையே பாத்துட்டிருந்து பாதில அழுதுருச்சு, இன்டர்ப்ரெட்டர் ஃப்ரீதான், கவுன்டர்ல "இன்தெர்ப்ரெத்தே"ன்னு கேட்டா ஃபோன்லயாவது ஆள் போட்டுக் குடுப்பாங்க.

குழந்தைய வச்சுக்கறதா வேணாமாங்கறது அவங்க முடிவு, கடைசில அந்த அம்மாவோடது, அதுல நாம மூக்க நுழைக்க வேணாம். ராத்திரி மனசு பாரமா இருந்தா 1-833-852-6262, கர்ப்பிணி, புது அம்மாக்களோட மனநலத்துக்கான ஹெல்ப்லைன், ஸ்பானிஷ்லயே பேசலாம், அந்தப் புருஷன்காரரும் கூப்பிடலாம்.