லொறியின் கிளச்சை வீட்டில் மாற்றலாமா?

கேள்வி: கந்தளாயிலிருந்து நெல் ஏற்றும் எனது சிறிய லொறியின் கிளச் வழுக்குகிறது. வீட்டு முற்றத்திலேயே தகட்டை மாற்றலாமா?
- வாசகர், கிண்ணியா, திருகோணமலை

பதில்: மாற்றலாம். ஆயினும் பெடலுக்குச் சிறிதும் தளர்வில்லாவிட்டாலும் கிளச் வழுக்கும் என்பதால், முதலில் அதைச் சரிபாருங்கள். தகட்டை எடுக்கக் கழற்ற வேண்டிய கியர்பொக்ஸ் மிகப் பாரமானது. அதைத் தாங்கத் தனி ஜாக்கும் உதவிக்கு ஒருவரும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். மணல் முற்றத்தில் ஜாக் புதையும். ஆகவே சீமெந்துத் தரையில் லொறியை நிறுத்தி, பற்றரி இணைப்பைக் கழற்றி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளில் ஏற்றிய பின்னரே அடியில் செல்லுங்கள்.

தகட்டை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம் என்பேன். தகட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கையில் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். எஞ்சினின் பின்சீலில் (பின்புற எண்ணெய்த் தடுப்பு வளையத்தில்) எண்ணெய் கசிந்தால் புதிய தகடும் வழுக்கும். பழைய தகட்டின் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடுமாகையால், அதைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.