கேமரா கேள்வி – பதில்: பொறி பறக்கும் பட்டறையில்

கேள்வி: கணபதியில் ஒரு பம்புப் பட்டறையில் அனுமதி வாங்கிப் படம் எடுக்கிறேனுங்க. கிரைண்டர் பொறியெல்லாம் வெள்ளைத் திட்டாக விழுகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் ஆள் கறுத்துப்போகிறார். இரண்டும் ஒரே படத்தில் வராதுங்களா?
– வாசகர், கோவை

பதில்: வரும், ஆட்டோவில் விட்டால்தான் வராது. சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து கேமரா மொத்தப் படத்தையும் வெளுக்கவைத்துவிடும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் மோடுக்கு மாறுங்கள்.

பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கதவு) எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஒரு கோட்டின் பிரகாசம் கூடாது. கோடுகளின் எண்ணிக்கைதான் கூடும். பிரகாசம் அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) இரண்டின் கையில். நின்று வேலை செய்யும் ஆளுக்கோ ஷட்டர் நேரமும் சேர்ந்துகொள்ளும். அதனால் முதலில் பொறிக்கு அபெர்ச்சர், அப்புறம் ஆளுக்கு ஷட்டர்.

ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/25 நொடியில் தொடங்குங்கள். பொறி வெளுத்தால் எஃப் 8 வையுங்கள், எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். ஆள் இருண்டால் ஷட்டரை 1/13க்கு இறக்குங்கள். அந்த வேகத்தில் டிரைபாட் வேண்டும். கல்லை ஒட்டிய இடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் அங்கே கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும், விட்டுவிடுங்கள். எல்இடி விளக்கு மின்னினால் 1/60 வேகத்தில் படத்தில் பட்டை விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/25, 1/50, 1/100 மூன்றும் பாதுகாப்பு.

ஆட்டோஃபோகஸ் பொறியைத் துரத்தும். ஆளின் கண்ணாடி விளிம்பில் ஃபோகஸ் பிடித்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் 5,500 கெல்வின். ஆட்டோ வைத்தால் பொறியின் ஆரஞ்சு நிறம் போய்விடும். பொறிக்குப் பின்னால் திறந்த வாசலோ சுண்ணாம்புச் சுவரோ இருந்தால் ஒன்றும் தெரியாது. இருண்ட மூலை பின்னால் வரும்படி பக்கவாட்டில் நில்லுங்கள்.

எதைத் தேய்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பம்பு பாடி வார்ப்பிரும்பு. அதன் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில் விழும். மைல்டு ஸ்டீல்தான் நீளமாக, மஞ்சளாகப் பாயும். படத்துக்கு அந்த வேலை நடக்கும் நேரம் கேட்டுப் போங்கள்.

பொறி நேராக லென்ஸில் பட்டால் கண்ணாடியில் ஒட்டிப் புள்ளி விழும். யுவி ஃபில்டர் போடுங்கள். தூசியைத் துணியால் துடைத்தால் இரும்புத்தூள் கீறும். முதலில் புளோயரால் ஊதுங்கள். பட்டறைக்குள் லென்ஸ் மாற்றவே வேண்டாம். பருத்திச் சட்டை போடுங்கள், பாலியஸ்டர் உருகி ஒட்டும்.

கேள்வி: வெல்டிங்கையும் இப்படியே எடுக்கலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: கூடாது. எஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாக ஆர்க்கை, அதாவது வெல்டிங்கின் மின்சுடரைப் பார்த்தால் கண் கெடும். சில மணி நேரம் கழித்துத்தான் மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கும். திரையைப் பார்த்து எடுத்தாலும், பக்கத்தில் நிற்கும் உங்கள் கண்ணில் ஆர்க் படுமே! வேலைப்பொருளோ வெல்டரின் உடலோ ஆர்க்கை முழுதாக மறைக்கும் இடத்தில் நின்று, சிதறும் பொறியையும் சுவரில் விழும் வெளிச்சத்தையும் எடுங்கள்.

கேள்வி: போனில் நைட் மோடு போதுமா?
– வாசகர், பவானி

பதில்: பொறிக்குப் போதாது. அது பல படங்களை ஒட்டிச் சேர்ப்பதால் கோடுகள் துண்டுதுண்டாகலாம். புரோ மோடில் ஐஎஸ்ஓ 100, 1/25 வைத்து, போனை எதன்மீதாவது சாய்த்துப் பிடியுங்கள். உங்கள் ஊர் ஜமக்காளத் தறிக்கு வேறு கணக்கு: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, 1/50 வைத்தால் நெசவாளரின் முகம் நிற்கும், குறுக்கே ஓடும் தறி நாடா மட்டும் இழுபடும்.