45 வயதுக்கு மேல் மறுபடியும் டிகிரி படிக்கலாமா? வேலை, குடும்பத்தோடு சமாளிக்க முடியுமா?

தாராளமாகப் படிக்கலாம். நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். சென்னை பாரிமுனையில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறேன், பி.காம். முடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். "இந்த வயதில் படித்தால் மண்டையில் ஏறுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் ஏறும். கை ஓடுமா என்பதுதான் கேள்வி.

கடைசியாக எப்போது ஒரு முழுப் பக்கம் பேனாவால் எழுதினீர்கள்? ஆபீஸில் எல்லாம் டேலி, எக்ஸெல். வெளியே வந்தால் வாட்ஸ்அப். கையெழுத்துப் போடுவதைத் தவிர எனக்குப் பேனாவுக்கு வேலையே இல்லாமல் இருந்தது. திடீரென்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுது என்றால்? இரண்டாவது விடை முடிவதற்குள் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்க ஆரம்பித்துவிடும். விடை தெரியும், எழுத்து மட்டும் கோழி கிறுக்கிய மாதிரி ஆகிக்கொண்டே போகும். பக்கத்து பெஞ்சுப் பெண் பாட்டுக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

இதற்கு மருந்து, வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுக்கும் அசைன்மென்ட்தான். எம்.ஏ. வரலாற்றில் 30 சதவீத மதிப்பெண் அசைன்மென்டுக்கு, 70 தேர்வுக்கு. ரெடிமேடாக விடை விற்கிறார்கள், நிறையப் பேர் வாங்கிப் பார்த்து எழுதுகிறார்கள். நியாய தர்மம் பேசவில்லை. அப்படி எழுதினால் கைக்கு மட்டும்தான் பயிற்சி, சொந்தமாக வாக்கியம் அமைக்க வராது. என்னைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இந்தப் படிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழிலேயே எழுத வேண்டும் என்றால் சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. மண்ணடிப் பக்கம் பவளக்காரத் தெரு வழியாக எத்தனையோ தடவை பில் கொடுக்க நடந்திருக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வியாபாரிகள் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கி, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். பெயர் அப்படி வந்ததுதான். கடல் வணிகப் பாடத்தில் சரக்கு, முன்பணம், தரகு என்று வரும்போது கல்லூரிப் பிள்ளைகள் உருப்போட வேண்டும். எனக்கு அது ஆபீஸ் ஃபைல். வந்த சரக்குக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கிற ஆள் எந்த நூற்றாண்டிலும் இருந்திருக்கிறான்!

நேரம் பற்றி. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். இரண்டு வருஷப் படிப்பை நான்கு வருஷம் வரை இழுக்கலாம். எல்லா பேப்பரையும் ஒரே மூச்சில் கட்டாதீர்கள். இயர் எண்டிங் சமயத்தில் நான் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. வீட்டில் முதலில் என் மாமியார்தான், "யாருக்கு உத்தியோகம் குடுக்கப் போறாங்கன்னு இதெல்லாம்?" என்றார். "வேலைக்கு இல்ல அத்தை, சும்மா" என்றேன். சும்மா என்றால் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். இப்போது தேர்வு நாளில் சாம்பார் அவர் பொறுப்பு. வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள் முதல் ஆளாக வந்து இடம் பிடித்துவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது.

சேர்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அந்தப் பல்கலைக்கு அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்திலேயே தேடலாம். ஏஜென்ட் சொன்னான் என்று பணம் கட்டாதீர்கள். இன்ஜினியரிங், சட்டம், நர்சிங் எல்லாம் தொலைநிலையில் கிடையாது. யாராவது தருகிறேன் என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

சம்பளம் ஏறுமா என்று கேட்டீர்கள். எம்.ஏ.வால் என் ஆபீஸில் ஒரு ரூபாய் ஏறாது, தெரிந்துதான் சேர்ந்தேன். வேலை மாறுவதுதான் உங்கள் எண்ணம் என்றால் வரலாறு பக்கம் வராதீர்கள். ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு வயது வரம்பு இல்லை. ஐஐடியில் சேர வழக்கமாக எழுதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வகுப்பு வீட்டிலிருந்தே, தேர்வு மட்டும் நேரில். பாதியில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்கு டிப்ளமோ மாதிரி ஏதாவது கையில் இருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கை மட்டும் ஒருமுறை தூசி தட்டிவிட்டுப் போங்கள்.